அடுத்தவர் ரகசியம் செல்லாது

அந்தக் கூட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக்கை யாரும் லிஃப்ட் மெக்கானிக் என்று கூப்பிடுவதில்லை. ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை, எட்டு வருடம் வாயால் சம்பாதித்தது. அதே வாய்தான் அவரைக் கவிழ்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல முடிவாக வரும் என்று நம்பிப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

அவர்கள் ஆடுவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. நாலைந்து பேர், ஒரு கைப்பிடி பகடைகள், வேறொன்றும் வேண்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் போவார்கள். கதவை உடைப்பதா, ஓடுவதா என்று அவர்கள் சொல்ல, நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கதை நடக்க ஓர் உலகம் வேண்டுமே? அந்த உலகங்களைப் புத்தகமாகப் போட்டு விற்பதற்கென்று ஒரு கம்பெனி இருந்தது. முப்பது வருடத்தில் இருபதுக்கு மேல் போட்டு, பாதியைக் கிடப்பிலும் போட்டது. சில வருடங்களாக, கிடப்பில் கிடந்த உலகங்களில் ஒன்றை வருடத்துக்கொரு முறை தூசி தட்டிக் கொண்டுவந்தது. எது என்று குறிப்பிட்ட ஒரு நாளில்தான் அறிவிக்கும். அதுவரைக்கும் மூச்சு விடாது.

ரசிகர்களுக்கு அது போதாதா? அறிவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு இணையக் குழுவில் ஊகம் சொல்லும் நாள் என்று ஒன்று வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஊகம் எழுதலாம். ஆனால் காரணம் இல்லாத ஊகம் கணக்கில் வராது. மனசுக்குப் பட்டது, கனவில் வந்தது என்றெல்லாம் கதைவிட முடியாது. யாருடைய ஊகமும் காரணமும் சரியாக இருக்கிறதோ, அவர்தான் தன் மேசையில் அந்த உலகத்தை முதலில் நடத்துவார். நடத்திவிட்டு எப்படி இருந்தது என்று ஒரு குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் மற்ற ஆயிரக்கணக்கான பேர் புத்தகம் வாங்கலாமா என்று முடிவு செய்வார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கிடப்பில் கிடக்கும் உலகத்தை, அது திரும்பி வரும்வரை யாரும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள், காத்திருப்பதற்கு ஒரு மரியாதை வேண்டும் என்பார்கள்.

ஜோசியர் ஊகிக்கிற விதமே தனி. லிஃப்ட் கதவு மூடும்போது எழுகிற சின்னக் கீச்சொலியைக் கேட்டு, இந்த ரோலர் இன்னும் இரண்டு மாதம்தான் தாங்கும் என்று சொல்கிற ஆள் அவர். அதே காதைக் கம்பெனிப் பக்கமும் தீட்டி வைத்திருந்தார். விலைப்பட்டியலில் வரிசை எண் ஒன்று விட்டுப்போயிருந்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். எந்த ஓவியர் தன் பழைய படங்களைத் திடீரென்று இணையத்திலிருந்து எடுத்தார், எந்த உலகத்தின் பெயர்ப்பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். முதல் ஆறு வருடமும் அவர் சொன்னதே வந்தது. அடுத்த இரண்டு வருடம் சறுக்கிவிட்டது.

சறுக்கினால் சும்மா விடுவார்களா? அவருடைய மேசையில் ஆடும் டாக்ஸிக்காரர் அந்த இரண்டாவது வருடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "ஜோசியரே, நீங்க எதைச் சொன்னீங்களோ அது வராதுன்னு வெச்சுக்கிட்டு வேறொண்ணு எழுதினேன். அதுலயே பாதி ஜெயிச்சுட்டேன் பாத்தீங்களா!"

அவரும் கூடச் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா முகத்தைத் தூக்கி வெச்சுப்பாங்க? சின்னப் புள்ளைங்க கெட்டாங்க போங்க," என்றாள் மனைவி. விளையாட்டுத்தான். பகலெல்லாம் எண்ணெயும் கிரீஸுமாக இருட்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிற மனிதருக்கு, அவர் சொல்லை ஆயிரம் பேர் நம்புகிற இடம் அந்த ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரியும். அதனால் அதற்கு மேல் அவள் பேசவில்லை.

அவருக்கு எந்த உலகம் திரும்பி வர வேண்டும் என்று ஆசை? அதில் ரகசியமே இல்லை. ஏழு பாலங்கள்.

வற்றிப்போன ஆற்றின் மேல் கட்டிய ஒரு நகரம். அதில் ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு சுங்கக்காரர் நிற்பார். காசு வாங்கமாட்டார். ஒரு ரகசியம் கேட்பார். கடக்கிறவர் தன்னைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் ரகசியம் செல்லாது. பொய் சொன்னால் பாலம் நீண்டுகொண்டே போகும், மறுகரை வராது. ஜோசியர் பத்தொன்பது வயதில், இப்போது எங்கெங்கோ சிதறிப்போன நண்பர்களோடு அந்த உலகத்தில் ஆடியிருக்கிறார். அப்பா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அன்று தான் சினிமா பார்க்கப் போனதை அவர் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது நாலாவது பாலத்தில்தான். தான் ஏற்ற படகோட்டிப் பாத்திரத்தின் ரகசியம் என்றுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது மேசையில் யாருக்கும் பகடையை உருட்டத் தோன்றவில்லை. அந்தப் புத்தகத்தை இன்றைக்கும் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். கடைசிப் பதிப்பு வந்து பதினோரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது என்று அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டிருந்தார். ஜோசியர் நாலாவது மாடியில் வெளிக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே பெட்டிக்குள் ஒரு நரைத்த தலை தெரிந்தது.

"பயப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"நான் எதுக்குப் பயப்படறேன்? முப்பது வருஷம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல இதைவிடச் சின்ன இடத்துல உக்காந்தவ நான். மேல விடறதுக்கு என்ன சுங்கம், சொல்லு. ரகசியம் ஏதாவது வேணுமா?"

ஸ்பானர் அவர் கையில் அப்படியே நின்றது. யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது: "அடுத்தவங்க ரகசியம் செல்லாதும்மா."

உள்ளேயிருந்து அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது: "அந்தப் புத்தகத்த நீ படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேனாவா! தலைகீழாச் சொல்லுவேன்."

"அந்த வரி நான் எழுதினது," என்றார் அவர். "இப்ப என்னை மேல தூக்கு."

ஐந்தாவது மாடியில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். புத்தகத்தின் அட்டையில் இருப்பது தங்கையின் பெயர். குடிநீர் வாரியத்தில் தரைக்கடியில் போகும் குழாய்ப்பாதைகளை வரைந்துகொண்டிருந்தவர். ஏழு பாலங்களின் வரைபடம் அவர் கை. நகரத்தின் சட்டங்கள், சுங்கக்காரர்கள், ரகசியங்கள் எல்லாம் அக்கா எழுதியவை. நாளெல்லாம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவருக்கு, கேட்டதை வெளியே விடாமல் இருப்பது எவ்வளவு கனம் என்று தெரியாமல் இருக்குமா? எக்ஸ்சேஞ்ச் ஊழியர்கள் வெளியே எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அப்போது விதி. வேலை போய்விடும் என்ற பயத்தில் தங்கை மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டையிலும் தங்கை பெயர் மட்டும் வந்தது. அக்கா ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை கடிதம் போட்டும் கம்பெனி அதை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு ஜோசியர் மாதம் ஒரு முறை அந்த லிஃப்டைப் பார்க்கப் போவார். பார்க்க அதில் ஒன்றுமே இருக்காது. வேலை பத்து நிமிடம், மேலே டீயும் பேச்சும் இரண்டு மணி நேரம். சுவரில் ஏழு பாலங்களின் முதல் வரைபடம் பென்சில் கோடுகளோடு தொங்கியது. தன்னுடைய பட்டப்பெயரையும், தன் ஊகங்கள் பலித்த கதைகளையும் அவர்களிடம் பெருமையாகச் சொன்னார். அக்கா கேலி செய்வார், தங்கை சிரிப்பார்.

ஒருநாள் அக்கா டீக் கோப்பையை மேசையில் வைக்கப்போய் விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டார். கோப்பை விழுந்து உடைந்தது. அவர் உள்ளே போனதும் தங்கை துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"கண்ணு போயிட்டிருக்கு தம்பி. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியல. நேரா பாக்கறது மட்டும் இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள அவ பேர அட்டையில அவளே படிச்சுப் பாக்கணும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல."

"கம்பெனிதான் ஒத்துக்கலையேம்மா?"

"கம்பெனிய யார் கேக்கப்போறா? ஒப்பந்தத்துல ஒரு பிரிவு இருக்கு. பன்னிரண்டு வருஷம் அவங்க எதுவும் அச்சடிக்காம விட்டா, உரிமை எங்ககிட்டயே திரும்பிடும். இன்னும் நாலு மாசம்தான் பாக்கி. நாலு மாசம் கழிச்சு நாங்களே போட்டுடுவோம், ரெண்டு பேர் பேரோட. கம்பெனி ரெண்டு கை மாறிடுச்சு, பழைய ஃபைலை யாரும் திறந்த மாதிரி தெரியல. அதனாலதான் மூச்சுக் காட்டாம இருக்கோம். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

ஜோசியர் தலையை ஆட்டினார். சந்தோஷமாகத்தான் ஆட்டினார். அன்று படியிறங்கும்போது, அக்கா பெயர் போட்ட முதல் பிரதியைத் தான்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். அந்த மனம் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

பதினைந்து நாளில் ஊகம் சொல்லும் நாள் வந்தது. அவருடைய நோட்டில் அந்த வருடம் ஒன்றுமே சிக்கவில்லை. எண் விடுபடவில்லை, எந்தப் படமும் மறையவில்லை, கம்பெனி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. டாக்ஸிக்காரர் காலையிலேயே குழுவில் எழுதிவிட்டார்: "ஜோசியர் இந்த வருஷம் லீவு போலிருக்கு!" கீழே நூறு பேர் சிரித்துவைத்திருந்தார்கள். மூன்றாவது வருடமும் சறுக்கினால் பட்டமே கேலியாகிவிடும்.

மத்தியானம் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள், கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். தனக்குத் தானே என்னென்ன சொல்லிக்கொண்டார் தெரியுமா? கம்பெனிக்குத் தன் ஒப்பந்தம் தெரியாமலா இருக்கும், அவ்வளவு பெரிய இடத்தில் வக்கீல்கள் இல்லையா என்றார். தெரிந்திருந்தால் எப்படியும் போடத்தான் போகிறார்கள், நான் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்றார். அந்த அம்மா பெயரை நான் எழுதவில்லையே, அப்புறம் எப்படி அது காட்டிக்கொடுப்பது ஆகும் என்றார். ஒரு தப்பைச் செய்யத் துணிந்த மனிதனுக்கு நியாயங்கள் வரிசை கட்டிக்கொண்டு வந்து நிற்கும். அவருக்கும் வந்தன. எழுதினார்:

"ஏழு பாலங்கள். காரணம்: அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு உண்டு. பன்னிரண்டு வருடம் அச்சில் இல்லாவிட்டால் உரிமை ஆசிரியருக்கே திரும்பிவிடும். கடைசிப் பதிப்பின் தேதியைப் பாருங்கள். இன்னும் மூன்றரை மாதம்தான். கம்பெனி அதற்குள் எதையாவது அச்சடித்தே ஆக வேண்டும்."

குழு அதிர்ந்தது. இப்படியொரு காரணத்தை இதுவரை யாரும் எழுதியதில்லை. "ஜோசியர் ஜோசியர்தான்யா!" என்று டாக்ஸிக்காரரே எழுதினார். ஜோசியர் மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாராட்டாகப் படித்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த ஒரு மத்தியானம் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

சாயங்காலம் ஐந்தாவது மாடி ஞாபகம் வந்தது. அழித்துவிடலாம் என்று எடுத்தபோது அதை நானூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். அழித்து என்ன பயன்? பேசாமல் விட்டார். அந்த இரண்டு மாதமும் ஐந்தாவது மாடிக்குப் போகவில்லை. லிஃப்டைப் பார்க்க வேறொரு ஆளை அனுப்பினார்.

அறிவிப்பு நாள் வந்தது. கம்பெனி வழக்கமாக உலகத்தின் பெயரை மட்டும் சொல்லும், புத்தகம் வர இன்னும் ஒரு வருடம் ஆகும். இந்த முறை பெயரோடு புத்தகமும் வந்தது. ஏழு பாலங்கள், இன்று முதல் விற்பனையில். பதினாறு பக்கம். அட்டையில் யாரோ அவசரத்தில் வரைந்த ஒரு பாலம். உள்ளே வரைபடத்தில் பாலங்களை எண்ணிப் பார்த்தார் ஜோசியர், ஆறுதான் இருந்தன. சுங்கக்காரர் ரகசியம் கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு காசு கேட்டார். அட்டையில் தங்கை பெயர் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடம் முடிய இன்னும் சரியாக ஐம்பது நாள் இருந்தது.

கைப்பேசி ஓயாமல் அடித்தது. குழு முழுக்க அவர் பெயர்தான். மனைவி வந்து, "ஜெயிச்சுட்டீங்களாமே! டாக்ஸிக்காரர் எனக்கே போன் பண்ணிச் சொல்றார்," என்று பூரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேண்டாம், நேர்ல போங்க," என்றாள்.

மறுநாள் ஐந்து மாடியும் படியேறியே போனார். அந்த லிஃப்டில் ஏற அவருக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்த தங்கை வழிவிட்டார். மேசையில் கம்பெனியின் பார்சல் பிரிந்து கிடந்தது. பதினாறு பக்கப் புத்தகம், கூடவே ஒரு கடிதம். கம்பெனிக்குப் புதிதாக வந்த பதிப்பாசிரியர் யாரோ உற்சாகமாக எழுதியிருந்தார். 'உங்கள் உலகத்தை நாங்களே மறந்திருந்தோம். நம் ரசிகர்கள் எவ்வளவு கூர்மையானவர்கள் பாருங்கள், ஒருவர் எழுதிய இந்த ஊகம்தான் எங்களை எழுப்பியது' என்று, அந்த ஊகத்தையும் அச்செடுத்து இணைத்திருந்தார். அடியில் ஜோசியர் என்று இருந்தது.

"நான்தாம்மா எழுதினேன்," என்றார் ஜோசியர். உட்காரவில்லை.

"தெரியும் தம்பி," என்றார் தங்கை. "தேதியெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஒரு தப்பு இல்ல."

அது அவரை அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்," என்று ஆரம்பித்தவர், அது எவ்வளவு பொய் என்று தனக்கே கேட்டதும் நிறுத்திவிட்டார். "இல்லம்மா. ஜெயிக்கணும்னுதான் எழுதினேன். மூணாவது வருஷமும் தோக்கப் பயந்து எழுதினேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா முகத்தைத் திருப்பி அவரை நேர்ப்பார்வையில் தேடிப் பிடித்தார். "உன் மேல எனக்குக் கோவம். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் என் காதுல எத்தனை குடும்பத்துக் கதை விழுந்திருக்கும்? ஒண்ணு, ஒரே ஒண்ணு, வெளிய போனதில்ல. அடுத்தவங்க ரகசியம் செல்லாதுன்னு நீயே அந்த லிஃப்ட் வாசல்ல நின்னு சொன்னியே. மனப்பாடமாச் சொன்னியே."

"நான் என்ன செய்யணும்மா? எதைச் சொன்னாலும் செய்யறேன்."

"செய்யறதுக்கு என்ன இருக்கு?" என்றார் தங்கை. "அவங்க அச்சடிச்சிட்டாங்க, கணக்கு மறுபடி முதல்லேந்து. இன்னும் பன்னிரண்டு வருஷம். எனக்கு எழுபத்தாறு ஆயிடும், அவளுக்கு எண்பத்தொண்ணு. அதுவும் இது நல்லா விக்காம இருந்தாத்தான். வித்துதுன்னா அடுத்த வருஷமே இன்னொண்ணு போடுவாங்க, அதுலேந்து திரும்பப் பன்னிரண்டு. நாங்க பெத்த உலகம், யாருக்கும் புடிக்காமப் போகட்டும்னு நானே வேண்டிக்கற நிலைமைக்கு வந்துட்டேன் தம்பி."

அக்கா கையை நீட்டித் துழாவி, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜோசியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே போனபோது அக்கா கூப்பிட்டார். "லிஃப்டுக்கு இனிமே நீயே வா. அந்தப் பையன் சரியாப் பாக்கல, குலுக்குது. கண்ணு போனதுக்கப்புறம் என்னால படியிறங்க முடியாது."

"நானே வரேம்மா," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெற்றி பெற்றவர் கதை நடத்தும் நாள். இடம் மருந்துக்கடையின் பின்னறை. கடையை நடத்தும் பெண்மணியை எல்லாரும் மருந்துக்கடை அக்கா என்பார்கள், அவர்கள் மேசையில் மூத்தவர். அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி, மேசை விரிப்புப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். டாக்ஸிக்காரர் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார். "எட்டு வருஷமா இதைப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ஊர்ல வீடு இருக்கற மாதிரி ஆயிடுச்சு ஜோசியரே. ஆரம்பிங்க!"

இருபது வருடமாக அந்த நகரத்துக்காக அவர் எழுதி வைத்த குறிப்புகள் மூன்று நோட்டு இருந்தன. ஒவ்வொரு சுங்கக்காரருக்கும் ஒரு குரல் பழகி வைத்திருந்தார். மூன்றாவது பாலத்துக்காரர் திக்கித் திக்கிப் பேசுவார், ஏழாவது பாலத்துக்காரி கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பாள். நோட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, பதினாறு பக்கப் புத்தகத்தை மட்டும் எடுத்து வந்திருந்தார். அதைத் திறந்து, அதில் உள்ளதை உள்ளபடி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"பாலம் வந்தாச்சு. ஆளுக்கு ரெண்டு காசு குடுத்துட்டுப் போகலாம்."

மருந்துக்கடை அக்கா நிமிர்ந்து பார்த்தார். "காசா? ரகசியம் கேப்பாங்கன்னு சொல்லுவியேப்பா. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒண்ணு வெச்சிருக்கேன்."

அவர் என்ன வைத்திருந்தாரோ, அந்த முகத்தில் ஏதோ ஒன்று வாய்வரை வந்து நின்றது. ஜோசியருக்குத் தெரிந்தது. கேட்டால் போதும், அந்த அறையில் அன்று ஏழு பாலங்கள் எழுந்து நின்றுவிடும். எழுந்து நின்றால் ஆயிரம் பேர் அதைக் கேட்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி இன்னொரு புத்தகம் போடும்.

"அதெல்லாம் பழைய புத்தகத்துலக்கா," என்றார். "இதுல இல்ல. ரெண்டு காசு."

மருந்துக்கடை அக்கா மெதுவாகப் பகடையை எடுத்து உருட்டினார். ஒரு மணி நேரத்தில் டாக்ஸிக்காரர் கொட்டாவி விட்டார். இரண்டாவது மணி நேரத்தில் ஒரு சவாரி வந்தது, எடுத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, வருத்தமாகவே கேட்டார்: "இதுக்கா ஜோசியரே இத்தனை வருஷமா உருகினீங்க?"

"சின்ன வயசுல படிச்சது. அப்பப் பெருசாத் தெரிஞ்சுது," என்றார் ஜோசியர்.

மேசையைத் துடைத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளை அவரே திரும்ப அடுக்கிக் கொடுத்தார். பிறகு அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எல்லாரும் காத்திருந்த குறிப்பை எழுதினார்: "ஏழு பாலங்கள். பழைய உலகம். ஒரு முறை ஆடலாம். மறுபடி போகத் தோன்றவில்லை." இரண்டு முறை படித்துப் பார்த்தார், அனுப்பினார். அடுத்த வருடத்து ஊகங்களில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று கீழே ஒரு வரியும் போட்டார். குழுவில் சிலர் அப்படியா என்றார்கள், சிலர் நல்லவேளை வாங்கவில்லை என்றார்கள். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் பேச்சு வேறொரு உலகத்துக்குப் போய்விட்டது.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்படி நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லபடியா நடந்துச்சு," என்றார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். "யாருக்கும் பிடிக்கல."